ஒரே தடவை கூப்பிடும் சிஸ்டர்

சிஸ்டர் யாரையும் இரண்டாம் தடவை கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தக் கருத்தரிப்பு ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் காலை ஏழு மணிக்கே முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருப்போம். ஊசி அறையின் கதவு ஒரு சாண் அளவு திறக்கும். உள்ளேயிருந்து ஒரு பெயர் வரும். எழுந்து போனால் போனோம். இல்லையென்றால் அடுத்த பெயர்.

ஒருநாள் அசோக் நகரிலிருந்து வரும் பெண் ஒருத்தி பாத்ரூம் போயிருந்த நேரத்தில் அவள் பெயர் வந்து போய்விட்டது. திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"இன்னா சிஸ்டர், பாத்ரூம் போறது ஒரு குத்தமா? இன்னொரு வாட்டி கூப்ட்டா வாய் தேஞ்சா பூடும்?"

"வாய் தேயாதும்மா. கேக்கறவங்க காதுதான் தேஞ்சிடும்," என்றார் சிஸ்டர். "குந்து. கடைசில போட்றேன்."

எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்தது. அந்த மாடியில் சிரிப்பதற்கு வேறு எதுவும் கிடையாது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஒல்லி. புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. ஊசி போடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றில் கை வைப்பார். ஊசி எப்போது இறங்கும் என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே "முடிஞ்சிது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் கையால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெண்கள் காத்திருப்பார்கள்.

கேட்டதையே திரும்பக் கேட்டால் அவருக்கு ஆகாது. ஆனால் நாங்கள் எல்லோருமே கேட்டதையே திரும்பக் கேட்கிறவர்கள். வலிக்குமா சிஸ்டர், படிக்கட்டு ஏறலாமா சிஸ்டர், பப்பாளி வாசனை பட்டாலே ஆகாதாமே சிஸ்டர். இரண்டாம் தடவை கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். "மொத வாட்டியே காதுல வுழுந்துச்சும்மா," என்பார். பிறகு பதில் சொல்வார். பதில் வராமல் போனதே இல்லை. அந்தப் பதிலுக்காக அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவர் வீட்டாருக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், ஒரே வீட்டில் பதினோரு பேர். கொழுந்தனுக்கு மூன்று பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை ஊசி போட்டு, முட்டை எடுத்து, கரு வைத்து, இரண்டு முறையும் தங்கவில்லை. இது மூன்றாவது. இதோடு சரி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். "இதோட விட்ருவோம், என்ன? உன் உடம்பும் தாங்கணும்லா," என்றார் கணவர். நல்ல மனுஷர்தான். ஆனால் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் முறை தோற்றபோதே சிஸ்டரிடம் கேட்டேன். போன தடவை போட்டதைவிட இந்தத் தடவை மருந்து அதிகம், ஆனால் முட்டை குறைவு, அது எப்படி என்று. கை கழுவிக்கொண்டிருந்தவர் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உன் வூட்டு வாசல்ல ஒர்த்தன் நின்னுக்கினு வுடாம பெல் அட்ச்சா இன்னா பண்ணுவ?"

"கதவத் திறந்து திட்டுவேன்."

"அது நீ. செல்லு திட்டாது. மொதல்ல பெல்லுக்குள்ள பஞ்ச வெச்சி அடச்சிடும். அப்பவும் அட்ச்சிக்கினே இருந்தா, பெல்லயே கயட்டி உள்ள எட்த்துக்கினு பூடும். அதுக்கும் மேல அட்ச்சேன்னு வெய்யி, புது பெல்லு எப்டி செய்றதுன்னு எழுதி வெச்ச சீட்ட கியிச்சி போட்ரும். அப்பறம் நீ வாசல்ல நின்னு இன்னா கத்தினாலும் உள்ள தெரியாது."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் போனில் தேடிப் படித்தேன். சிஸ்டர் சொன்னதில் ஒரு எழுத்து பிசகில்லை. சினைப்பையில் முட்டையைச் சுற்றி நின்று அதை வளர்க்கிற செல்களின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து ஏற்பியில் பொருந்தினால் உள்ளே சேதி போய் முட்டை வளரும். ஹார்மோன் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் ஏற்பியின் உள்பக்க வாலில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கண்டதும் ஒரு புரதம் வந்து வாலைப் பிடித்துக்கொள்கிறது. சேதி அங்கேயே நின்றுவிடும். அடுத்து மேல்தோல் உள்ளே மடிந்து ஏற்பியை விழுங்கிவிடுகிறது. சில ஏற்பிகள் திரும்ப மேலே வரும், சில உள்ளேயே அழிக்கப்படும். கடைசியில் புது ஏற்பி செய்வதற்கான நகலையே செல் சிதைத்துவிடும். ஒரு செல்லுக்கு இவ்வளவு வீம்பு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இதெல்லாம் ஊசி போடுகிற சிஸ்டருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் ஒருநாள் பதில் கிடைத்தது. மதியம் மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். இத்தனை வருடமாகப் போய் வந்தும் அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

"ஆச்சு. ஆறு வர்ஷம் இருந்தாரு. பூட்டாரு."

செத்துப்போய்விட்டாரோ என்று நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"சாவலம்மா. ஆவடில கீறாரு. ரெண்டு பொண்ணு."

அப்புறம் அவரே சொன்னார். எப்போதாவது வந்துகொண்டிருந்த மாதவிலக்கு, இருபத்து நாலு வயதில் அவருக்கு அடியோடு நின்றுவிட்டது. எங்கெங்கோ காட்டினார்கள். சினைப்பையில் முட்டைகள் இருக்கின்றன, ஆனால் எந்த மருந்துக்கும் அசையவில்லை. ஒரு ஆய்வகத்தில் இளம் டாக்டரம்மா ஒருத்தர்தான் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டு விளக்கினார். ஏற்பியை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ஏற்பி உருவாகிறது, ஆனால் கோணலாக. ஹார்மோனை அது அடையாளம் காண்பதில்லை.

"என்னுது பொறப்புலயே அப்டி. பெல்லு மாட்டி கீது, ஒயரு இல்ல," என்றார். டப்பாவை மூடிவிட்டு ஸ்பூனை முந்தானையில் துடைத்தார். "பதில் வர்லன்னதும் மூளை இன்னும் சத்தமா அனுப்பும் தெரியுமா? என் ரத்தத்துல அந்த ஹார்மோனு அன்னிக்கெல்லாம் கத்திக்கினே இருந்துது. உள்ள கேக்கறதுக்கு ஆளில்ல. ஒரு தபா கூப்ட்டா வரணும். வர்லன்னா வராது. வுட்ரணும்."

அவர் எழுந்து கீழே போய்விட்டார். அந்தப் படம் போட்ட காகிதத்தை இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறாராம். இறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

இனி மிச்ச மருந்து விஷயத்துக்கு வருகிறேன்.

ஊசி அறையின் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் ஒரு நீலப் பிஸ்கட் டின் இருந்தது. சிகிச்சை முடிந்தவர்களும் பாதியில் நின்றவர்களும் மீந்த மருந்தை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு அதிலிருந்து கிடைக்கும். யாருக்கு எது என்று டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சிஸ்டர் டின்னைத் திறப்பார். அது வரைக்கும் ஒழுங்கான ஏற்பாடுதான்.

பெண்கள் அதில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். கரு தங்கியவர்கள் தங்கள் மிச்ச மருந்துப் பெட்டியில் ஒரு அடையாளம் வைத்துப் போடுவார்கள். குங்குமம் வைக்கிறவர்கள் ஒரு பொட்டு. மற்றவர்கள் பேனாவால் ஒரு சிலுவையோ பிறையோ. அது ராசியான மருந்து. அடையாளம் இல்லாத பெட்டியை நீட்டினால் சிலர் முகம் சுளிப்பார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. மடிக்கணினியும் கையுமாக வருகிற பெண்தான் முதலில் பொட்டு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள்.

சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சை எடுத்து எல்லா அடையாளத்தையும் துடைத்துவிடுவார். "மருந்துக்கு ராசி கீசி தெரியாது. டேட்டு கீதா, அத்த பாரு."

என்னுடைய மூன்றாம் முறை தொடங்குவதற்கு முந்தின வாரம், ஒருத்திக்கு இரட்டைக் கரு என்று ஸ்கேனில் தெரிந்தது. அவளுக்கும் முப்பத்தெட்டு. அவளுக்கும் அது மூன்றாம் முறை. மூன்று பெட்டி மருந்து மீந்திருந்தது. பெரிய பெரிய குங்குமப் பொட்டாக வைத்து என் கண்ணெதிரே டின்னில் போட்டாள். அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நான்காம் நாள் ஊசி முடிந்ததும் கேட்டேன். "சிஸ்டர், அந்த ரெட்டைப் பிள்ளைக்காரி மருந்து இருக்குல்ல. அத எனக்குக் கூடுதலாப் போடுங்களேன்."

"உனக்கு எழ்தினது உனக்குப் போட்டாச்சு."

"டாக்டர் எழுதினதோட இது ஒண்ணு. அவ்வளவுதான்."

"மொத வாட்டியே காதுல வுழுந்துச்சும்மா. அந்த மருந்துல ரெண்டு ஹார்மோனு கீது. ரெண்டாவது முன்னாடியே எகிறிப் போச்சின்னா முட்டை வளர்றது நின்னுடும். நா சொன்ன பெல்லு கத மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எல்லாம் தெரியும். வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுத் தூக்குக்குப் பின்னால் பிள்ளைகள் கண்ணில் படாமல் மருந்தை ஒளித்து வைத்துக்கொண்டு, கொழுந்தன் பிள்ளைகள் மூன்றும் ஹாலில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஏற்பியாவது பாஸ்பேட்டாவது. ஒன்று அதிகம் போட்டால் ஒன்று அதிகம் கிடைக்கும் என்று என் உடம்பு முழுக்க நம்பியது. ஊசி அறையில் கேட்டேன். வராந்தாவில் கேட்டேன். சாயங்காலம் பட்டினப்பாக்கம் போகும் பஸ்ஸுக்கு அவர் நிற்கும்போது ஆட்டோவை நிறுத்தி இறங்கிக் கேட்டேன். அவர் பஸ்ஸுக்கு ஒரே தடவைதான் கை காட்டுவார். அன்று பஸ் நிற்காமல் போனது. அடுத்த பஸ் வரும்வரை நான் விடவில்லை. கடைசியில், இன்றைக்கும் என் வாய் கூசுகிற ஒன்றைச் சொன்னேன்.

"உங்களுக்கு அன்னைக்கு யாராவது ஒரு ஊசி கூடப் போட்டிருந்தா, இன்னைக்கு நீங்க ஊரார் வயித்துல ஊசி போட்டுக்கிட்டு நிக்க மாட்டீங்களோ என்னமோ."

அவர் விஷயத்தில் அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் ஊசி போட்டிருந்தாலும் அந்தக் கோணல் ஏற்பி அசைந்திருக்காது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவர் முகம் ஒரு கணம் வேறு யாருடைய முகமோ போல ஆயிற்று. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை "முடிஞ்சிது" என்றார். நான் புடவையைச் சரிசெய்தபோது "படு" என்றார். கதவைச் சாத்திவிட்டு டின்னைத் திறந்தார். பெட்டியில் குங்குமம் அப்படியே இருந்தது, துடைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் போட்டார். அன்று கைகளைத் தேய்த்துக்கொள்ளவில்லை. விரல் சில்லென்று இருந்தது. இப்படி மூன்று நாள், மூன்று பெட்டி.

அத்தனை தெரிந்தவர் ஏன் போட்டார் என்று நான் யோசிக்காத நாளில்லை. நான் ஓயாமல் கேட்டதுதான் காரணம். வேறு காரணம் தேடினால் அது என் சௌகரியத்துக்காகத்தான் இருக்கும்.

எட்டாம் நாள் ஸ்கேனுக்குக் கணவரோடு மாமியாரும் வந்திருந்தார். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் ஸ்கேனில் வளர்ந்துகொண்டிருந்த, முட்டை இருக்கும் நான்கு நீர்ப்பைகளும் அதற்குப் பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. ஒன்று சுருங்கத் தொடங்கியிருந்தது. ரத்த ரிப்போர்ட்டில், கடைசியில் ஏற வேண்டிய அந்த இரண்டாவது ஹார்மோன் இப்போதே ஏறியிருந்தது. "இந்த முறை நிறுத்திடலாம்மா," என்றார் டாக்டரம்மா. நிறுத்திவிடலாம் என்றால் எல்லாவற்றையும்தான் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் வயது காரணம் என்று எழுதி மூடியிருப்பார்கள். மூலையில் நின்றுகொண்டிருந்த சிஸ்டர்தான் முன்னால் வந்தார்.

"டாக்டர், மூணு நாளு சீட்டு இல்லாம டின்னுலேர்ந்து எட்த்து கூடப் போட்டேன். நாந்தான் போட்டேன்."

டாக்டரம்மாவுக்கு அது புரியவே சற்று நேரம் பிடித்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டீங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். மாமியார் பார்த்தார். பன்னிரண்டு வருடம் கழித்து, கடைசி வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன் என்று அந்த வீட்டுக்குள் எப்படிப் போவேன்?

"எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். அவங்க படுன்னாங்க, படுத்தேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரே தடவை. பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து ஸ்கேன் மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். கணவர் பின்னாலேயே போய் வராந்தாவில் அவரைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார். பெஞ்சில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்கேன் மேஜையில் வயிற்றில் ஜெல்லோடு படுத்திருந்தேன்.

கூடுதல் மருந்தால்தான் நின்றதா, அது இல்லாமலும் நின்றிருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. உங்கள் வயதுக்கு ஏற்பிகளே குறைவாகத்தான் இருக்கும் என்றார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் ஓட்டினேன். வீட்டில் எல்லோரும் நர்ஸைத் திட்டினார்கள், என்னிடம் பிரியமாக இருந்தார்கள். மாமியார் என் தட்டில் அவர் கையாலேயே குழம்பு ஊற்றினார். அந்தப் பிரியத்தை நான் சாப்பிட்டேன், எனக்கு உடம்பில் சதை போட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து, யாரிடமோ விசாரித்துப் பட்டினப்பாக்கம் குடியிருப்பில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. கீழே மீன் கடைகளில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெல்லை ஒரு தடவைதான் அழுத்தினேன். உடனே திறந்தார்.

"வா," என்றார். "சாப்ட்டியா?"

தலையாட்டினேன். ஒரே அறை. அலமாரியில் மாதா படம், அதன் கீழே தடித்த பைபிள். சாந்தோம் பக்கம் வயதானவர்களுக்கு வீடு வீடாகப் போய் இன்சுலின் போட்டு, புண்ணுக்குக் கட்டுக் கட்டுகிறாராம். கட்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டிப் பாயில் பரப்பியிருந்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். முடி நிறைய நரைத்திருந்தது.

வரும் வழியெல்லாம் ஆட்டோவில் சொல்லிப் பார்த்துக்கொண்டதைச் சொன்னேன்.

"சிஸ்டர், நான்தான் கேட்டேன்னு அன்னைக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. என்னை மன்னிச்சிருங்க."

அவர் மடித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி கடகடத்தது. கீழே யாரோ ஒருத்தி மீன் விலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். சற்று முன்னால் நகர்ந்து, சத்தமாக, மறுபடியும் சொன்னேன்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மொத வாட்டியே காதுல வுழுந்துச்சும்மா," என்றார்.

நான் காத்திருந்தேன். அதற்குப் பிறகு எப்போதும் அவர் ஒரு பதில் சொல்வார். பாயில் மிச்சமிருந்த துணிகளையெல்லாம் மடித்து முடித்தார், டப்பாவில் அடுக்கினார், மூடினார். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.